மூன்றாங்கட்டுச் சிரிப்பு

1979-ல் ஒரு சிறுபத்திரிகையில் வெளியான என் முதல் கட்டுரையில் மனோரமாவைப் பற்றி ஒரு வாக்கியம் வருகிறது. பத்திரிகை மூன்று இதழ்களோடு நின்றுவிட்டது. அந்த இதழ் இப்போது என்னிடம்கூட இல்லை. இருநூறு பேர் படித்திருந்தால் அதிகம். கட்டுரையில் வேறு என்ன எழுதினேன் என்பது பெரும்பாலும் மறந்துவிட்டது. இந்த வாக்கியம் மறக்கவில்லை. தமிழ் சினிமாவின் நகைச்சுவையை ஒட்டுமொத்தமாக நிராகரித்துவிட்டு, அதற்கு உதாரணமாக ‘மனோரமாவின் வேலைக்காரித்தனமான நடிப்பு’ என்று எழுதியிருந்தேன். நண்பர்கள் அந்தச் சொல்லை ரசித்தார்கள். ஒருவர் கார்டு எழுதிப் பாராட்டினார். என் அம்மா வீட்டு வேலைக்காரி என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது.

எங்கள் ஊர் கோட்டையூர். அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா ஒரு செட்டியார் வீட்டில் மாவாட்டினாள், பாத்திரம் துலக்கினாள், பலகாரம் சுடும் நாட்களில் அடுப்படியில் உட்கார்ந்தாள். பர்மாத் தேக்குத் தூண்கள் வைத்த வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று தெரு முழுக்க நீண்டு பின்தெருவில் முடியும். அம்மாவுக்கு வழி பின்தெருவில். முப்பது வருஷம் அந்த வீட்டில் வேலை செய்தவள் முன்வாசல் வழியாக நுழைந்தது ஒரே ஒரு முறை. பெரிய செட்டியார் இறந்த அன்று.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்த வீட்டை எங்களுக்கு நடித்துக் காட்டுவாள். நடிப்பு என்ற வார்த்தை அவளுக்குத் தெரியாது. ‘இன்னிக்கி என்ன நடந்துச்சு தெரியுமா’ என்று தொடங்குவாள். பெரிய ஆச்சி சாவிக்கொத்தை இடுப்பில் தடவிப் பார்த்துக்கொண்டே பேசுவது, கணக்குப்பிள்ளை செட்டியார் முன்னால் ஒரு குரலிலும் வேலையாட்கள் முன்னால் ஒரு குரலிலும் பேசுவது, மலேயாவிலிருந்து வந்த மாப்பிள்ளை தமிழை மறந்தமாதிரி தயங்குவது, பால்காரர், நாவிதர், ஐயர். பாட்டியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். வாயைப் பொத்திக்கொள்வது முக்கியம். சத்தம் வெளியே போகக் கூடாது.

பள்ளத்தூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். மனோரமா வளர்ந்தது அங்கேதான். பிறந்தது 1937-ல், மன்னார்குடியில், பெயர் கோபிசாந்தா. தந்தை இன்னொரு கல்யாணம் செய்துகொண்ட பிறகு தாய் ராமாமிர்தம் கைக்குழந்தையோடு அந்த ஊரை விட்டு வந்துவிட்டார். பள்ளத்தூரில் அந்தத் தாய் செய்தது வீட்டு வேலை. மகள் பன்னிரண்டு வயது வாக்கில் நாடக மேடை ஏறினாள். மனோரமா என்ற பெயர் நாடகக்காரர்கள் வைத்தது. எங்கள் பக்கத்தில் அவரைச் சின்ன வயசில் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளாதவர்கள் குறைவு. அம்மா அப்படிச் சொன்னதில்லை. ஆனால் அவள் மனோரமா என்று பெயர் சொல்லியும் நான் கேட்டதில்லை. ‘பள்ளத்தூர்ப் பொண்ணு’ என்பாள். அந்தப் பொண்ணு அம்மாவைவிட மூன்று வயது சிறியவர்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் மேடை என்றால் ஸ்பெஷல் நாடகம். குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஒரு ராத்திரிக்குப் பேசி அழைத்து வருவார்கள். ஒத்திகை இல்லை. ஒருவரை ஒருவர் அன்றைக்குத்தான் மேடையில் பார்க்கக்கூடச் செய்யலாம். பத்து மணிக்கு மேல் பபூன் வந்து ஆரம்பிப்பான். பிறகு டான்ஸ்காரி வருவாள். இருவரும் தற்செயலாக வழியில் சந்தித்ததுபோல் மோதிக்கொண்டு சண்டை போடுவார்கள். அதற்கப்புறம்தான் வள்ளி திருமணம். வள்ளி முருகனைச் சேரும்போது விடிந்துவிடும். வள்ளியாக வந்தவளுக்கு ஊரில் ஓரளவு மரியாதை உண்டு. டான்ஸ்காரியைப் பார்த்து ஊரே சிரிக்கும். காலையில் அவள் பஸ்ஸுக்கு நிற்கும்போது பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சிரிப்பு மூட்டிய பெண்ணுக்கு நாம் கொடுத்த கூலியில் இதுவும் ஒரு பகுதி.

மனோரமா நாடகத்தில் கதாநாயகியாக நடித்துக்கொண்டிருந்தவர். எஸ். எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழுவில் முக்கியமான வேஷங்கள் செய்தார். சினிமாவுக்கு வந்தது 1958-ல், கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’யில். அங்கே கிடைத்தது நகைச்சுவை வேஷம். கதாநாயகியாக வந்தால் நாலைந்து வருஷத்தில் ஒதுக்கிவிடுவார்கள், நகைச்சுவையென்றால் நெடுநாள் நிற்கலாம் என்ற பொருளில் கண்ணதாசன் தனக்குச் சொன்னதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கண்ணதாசன் சிறுகூடல்பட்டிக்காரர். அதே செட்டிநாடு, ஆனால் முகப்பு வழியாக நுழையும் செட்டிநாடு. அவர் சொன்னது பலித்தது. 1963-ல் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாக நடித்தார். அதன் பிறகும் அவர் இடம் மாறவில்லை.

1968-ல் ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்தபோது எனக்குப் பதினாலு வயது. அம்மா என்னை அழைத்துக்கொண்டு காரைக்குடிக்குப் போனாள். கொட்டகையில் பெண்கள் பக்கம் தனி; இடுப்புயரச் சுவர் ஒன்று நடுவில். ஜில் ஜில் ரமாமணி வந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா சிரிப்பது எனக்குக் கேட்டது. அதற்கு முன் அவள் வாயைப் பொத்தாமல் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தப் படத்தில் இரண்டு கலைஞர்கள் சரிசமமாக மோதுகிறார்கள்: நாதஸ்வரம் வாசிக்கும் சிக்கல் சண்முகசுந்தரம், பரதம் ஆடும் மோகனாம்பாள். அவர்களுடைய கர்வமும் காதலும்தான் கதை. மூன்றாவதாக ஒரு கலைஞர் இருப்பதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. ஜில் ஜில் ரமாமணி நாடகக்காரி. எங்கள் ஊர் டான்ஸ்காரியின் அக்கா தங்கை மாதிரி இருப்பாள். இவருடைய நாயனத்தில்தான் இப்படிச் சத்தம் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்கிற தோரணையில் வித்வானிடமே அவள் விசாரிக்கும் இடத்தில் கொட்டகை அதிர்ந்தது. அறியாமையைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று நினைத்துத்தான் சிரித்தோம். பல வருஷம் கழித்துப் பார்க்கும்போது எனக்கு வேறொன்று தோன்றியது. ராகம், சம்பிரதாயம், வித்வான் கௌரவம் என்று படம் முழுக்கக் கட்டி எழுப்பியதை அவள் ‘சத்தம்’ என்று ஒரு வார்த்தையில் தரைக்குக் கொண்டுவருகிறாள். அதைச் சொல்லிக்கொண்டே அந்தச் சத்தத்தில் சொக்கியும் நிற்கிறாள். இரண்டையும் ஒரே முகத்தில் வைத்திருக்க மனோரமாவால் முடிந்தது. சிவாஜி கணேசன் எதிரே உட்கார்ந்திருக்கும் காட்சியில், அவர் நடிப்பை உற்றுப் பார்க்கும் பழக்கமுள்ள ஒரு ஜனக்கூட்டத்தின் கண்களை, கொஞ்ச நேரத்துக்குத் தன் பக்கம் திருப்புகிறார்.

படம் விட்டதும் கோட்டையூருக்கு நடந்தே வந்தோம். வழியெல்லாம் அம்மா ஜில் ஜில்லாகவே வந்தாள். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை, குரல் மட்டும். வார்த்தை அப்படியே வரவில்லை, அவளுக்கு வேண்டியபடி மாற்றிக்கொண்டாள். நாதஸ்வரக்காரரின் இடத்தில் கணக்குப்பிள்ளையை நிறுத்திவைத்துப் பேசினாள். ‘எட்ட வாம்மா, யாராவது வர்றாங்க’ என்று சொல்லிக்கொண்டே நான் முன்னால் நடந்தேன்.

பிறகு மதுரையில் படிப்பு, குமாஸ்தா வேலை, இலக்கிய நண்பர்கள், திரைப்படச் சங்கம். 16 எம்.எம். புரொஜக்டர் சத்தத்துக்கு நடுவே ஃபெலினியின் ‘லா ஸ்த்ராதா’வைப் பார்த்தோம். தெருவில் வித்தை காட்டுகிறவனுக்கு விற்கப்பட்ட ஜெல்ஸோமினாவாக ஜூலியெட்டா மஸீனா கோமாளித் தொப்பியுடன் வந்து நின்றபோது எங்களில் இரண்டு பேர் அழுதார்கள். நானும் ஒருவன். திரும்பும்போது டீக்கடையில் மனித இருப்பு, கைவிடப்பட்ட நிலை என்று நள்ளிரவுவரை பேசினோம். இத்தாலியில் தெருக்கூத்தாடும் பெண்ணுக்காக அழ எங்களுக்குப் பயிற்சி கிடைத்துவிட்டது. காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நிற்கும் டான்ஸ்காரி அந்தப் பேச்சில் ஒரு தடவைகூட வரவில்லை. மஸீனாவைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் மகத்தான நடிகை. ஆனால் ஒரு கலைஞனின் பார்வை அந்தக் கோமாளிப் பெண்ணின் மேல் விழுந்து அவளை முக்கியமாக்கியிருந்தது. அந்தப் பார்வையை இரவல் வாங்கித்தான் நாங்கள் அவளைப் பார்த்தோம். மனோரமாவுக்கு அப்படியொரு இயக்குநர் அமையவில்லை. எந்தப் பார்வையின் துணையுமின்றி அவரே அவர் பாத்திரங்களை முக்கியமாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அதைத் துணையில்லாமல் கண்டுகொள்ள எங்களுக்குத் தெரியவில்லை.

1979 கட்டுரை ‘உதிரிப்பூக்கள்’ வந்த சூட்டில் எழுதியது. மகேந்திரனைப் பாராட்டத் தொடங்கி மற்ற எல்லாவற்றையும் திட்டுவதில் முடிந்தது. சிரிப்புக் காட்சிகளை ஒருவர் தனியாக எழுதி, தனியாகப் படம் பிடித்து, கதைக்குச் சம்பந்தமில்லாமல் நடுநடுவே செருகும் வழக்கத்தைத் தாக்கியிருந்தேன். அதில் தவறில்லை. ஆனால் செருகியவர்களை விட்டுவிட்டு, செருகப்பட்டவர்களைத் திட்டியிருந்தேன்.

இதழ் வந்த வாரம் ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. என் பெயர் அச்சில் இருக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். ‘வாசிச்சுக் காட்டப்பா’ என்றாள். வாசித்தேன். ஒரு சொல்லும் புரியாமல், ஆனால் கோயிலில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்து கேட்டாள். அந்த வாக்கியம் வரும் பக்கம் நெருங்க நெருங்க என் குரல் எனக்கே கேட்டது. வாக்கியத்தை விழுங்கிவிட்டு அடுத்த பத்திக்குத் தாண்டினேன். முடிந்ததும் அம்மா, ‘சினிமாவப் பத்தித்தான எழுதியிருக்கே? பள்ளத்தூர்ப் பொண்ணப் பத்தி ஒண்ணும் இல்லையா?’ என்றாள். இல்லை என்றேன்.

மறுநாள் மத்தியானம் திண்ணையில் படுத்திருந்தேன். கொல்லையில் பெண்கள் சிரிக்கும் சத்தம். எழுந்து போய்க் கதவிடுக்கில் பார்த்தேன். அம்மா நடுவில் உட்கார்ந்து ஒரு முறத்தைப் புத்தகம்போல் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். இல்லாத மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டாள். தொண்டையைச் செருமினாள். ‘ஆகவே’ என்று நீட்டி, நிறுத்தி, மேலே பார்த்தாள். பிறகு ‘பிரக்ஞை’ என்றாள். அந்த வார்த்தையை முந்தின நாள்தான் முதல்முதலாகக் கேட்டிருப்பாள். மூக்கால் வரும் அந்த ‘ஞை’யில் என் நாலு வருஷ மதுரை வாழ்க்கை முழுதும் இருந்தது. எந்த நண்பனும் எந்த விமர்சகனும் என் எழுத்தைப் பற்றி அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. நான் சத்தமில்லாமல் திண்ணைக்குத் திரும்பினேன்.

வேலைக்காரிக்கு எல்லோர் பாஷையும் தெரிந்தாக வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. புரிய வெகுகாலம் ஆயிற்று. ஆச்சிக்குத் தன் பாஷை மட்டும் போதும். ஆச்சி எந்தக் குரலில் கூப்பிட்டால் கோபம், எந்தக் குரலில் கூப்பிட்டால் சம்பளப் பிடித்தம் என்று தெரிந்திருக்க வேண்டியது அம்மாவுக்கு. பிழைப்புக்காகக் கற்ற அந்த ஞானம் வீட்டுக்கு வந்ததும் நகைச்சுவையாயிற்று. நாங்கள் சிறுபத்திரிகைகளில் சொந்தக் குரல், சொந்தக் குரல் என்று எழுதிக்கொண்டிருந்தோம். பிறர் குரலில் பேசுகிறவனிடம் ஆளுமை இல்லை என்று நினைத்தோம். சொந்தக் குரலை வைத்துக்கொள்ள வசதி இருக்கிறவர்களின் கொள்கை அது என்று எங்களுக்குத் தோன்றவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

மனோரமாவின் சாதனை என்று நான் இப்போது நினைப்பது இதைத்தான். ‘பொம்மலாட்டம்’ (1968) படத்தில் சோவுக்கு ஜோடியாக வந்து, சென்னைத் தமிழில் பாட்டும் அவரே பாடினார். எங்கள் சீமைப் பேச்சு வாயில் ஊறியவர், சென்னையின் பேச்சை அந்த ஊர்க்காரர்களே ஏற்றுக்கொள்ளும்படி பேசினார். கொங்குநாட்டுப் பேச்சும் அக்கிரகாரத்துப் பேச்சும் அவருக்கு அப்படித்தான். ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்தில் அவர் வீட்டு வேலைக்காரி கண்ணம்மா. வீட்டின் நடுவே கோடு கிழித்துக்கொண்டு தகப்பனும் பிள்ளையும் பிரிகிற கதை. எல்லோரும் தங்கள் நியாயத்தைப் பிரசங்கமாகச் சொல்லும் அந்த வீட்டில் கண்ணம்மாவின் பேச்சு மட்டும் கோட்டின் எந்தப் பக்கத்தையும் சேராமல் நிற்கிறது. அவளுக்கு அந்த வீட்டில் இடமில்லை. அதனால் வீடு முழுக்கத் தெரிகிறது.

எல்லாம் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆயிரம் படங்களைத் தாண்டியவர் என்று 1985-ல் கின்னஸ் புத்தகத்தில் பெயர் வந்தது. ஆயிரம் படங்களில் எத்தனை நிற்கும் என்று கேட்டால் பதில் சங்கடமானது. கத்தல், ஒப்பாரி, ஒரே மாதிரியான தாய்மை எல்லாம் அவர் கணக்கிலும் உண்டு. ‘சின்ன கவுண்டர்’ (1992) படத்தில் துருத்திய பல்லை மாட்டிக்கொண்டு நின்றபோது, அங்கமுத்துவின் பருமனைக் காட்டிச் சிரிக்கவைத்த காலத்திலிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ‘நடிகன்’ (1990) படத்தில் கல்யாணமாகாமல் வயதாகிவிட்ட ஒரு பெண்ணுக்குக் காதல் வருவதே சிரிப்புக்குரியது என்று கதை முடிவு செய்துவிட்டது. ஆனால் அந்தக் காட்சிகளில் அவர் வெட்கப்படும் விதத்தைக் கவனித்தால், சிரிப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் தடுமாறுவோம். அந்த ஒரு கணம் இயக்குநர் கேட்டதல்ல. அவராகக் கொடுத்தது. 1964-ல் நாடக நடிகர் ராமநாதனை மணந்து இரண்டு வருஷத்துக்குள் கையில் ஒரு பிள்ளையோடு தனியாக நின்றவர், அப்புறம் வாழ்நாள் முழுக்கக் கேமரா முன்னால் யாராவது ஒரு சிரிப்பு நடிகரின் மனைவியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இதை நான் ஒரு முடிச்சாகப் போட விரும்பவில்லை. நடிகையின் வாழ்க்கையைக் கொண்டு நடிப்பை விளக்குவது சோம்பேறித்தனம். ஆனால் தெரிந்த பின் தெரியாததுபோல் பார்க்கவும் முடியவில்லை.

துணை நடிகைக்கான தேசிய விருது ‘புதிய பாதை’க்காக (1989) கிடைத்தது. 2002-ல் பத்மஸ்ரீ. அண்ணாதுரை, கருணாநிதி இருவரோடும் நாடகத்தில், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி. ராமராவ் மூவரோடும் சினிமாவில் என ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்று பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதின. எனக்கு அந்தப் பட்டியலைவிட ஒரு சொல்தான் பெரிதாகப் படுகிறது. எல்லோரும் அவரை ஆச்சி என்றார்கள். தமிழ்நாட்டின் மற்ற பகுதிக்காரர்களுக்கு அது அன்பான ஒரு கிழவிப் பெயர். எங்கள் சீமையில் அது முகப்புக்கு உரியவளின் பெயர். என் அம்மா முப்பது வருஷம் அந்தச் சொல்லை மேல்நோக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ராமாமிர்தமும் பள்ளத்தூரில் அதைச் சொல்லியிருப்பார். அவர் மகளை ஒரு நாடே அப்படிக் கூப்பிட்டது.

2015 அக்டோபர் 10-ந் தேதி மனோரமா சென்னையில் இறந்தார். டெலிவிஷனில் இரவு முழுக்க ஜில் ஜில் ரமாமணியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அம்மா அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே போய்விட்டிருந்தாள். அந்த வாக்கியத்தை அவளிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. சொல்ல நினைத்தது ஒரு முறை. கடைசி வருஷத்தில் மதுரைக்கு வந்து என்னோடு இருந்தாள். கொல்லையில் முறத்தை வைத்துக்கொண்டு அவள் என்னைப்போல் நடித்ததைப் பார்த்துவிட்டதாகச் சொன்னேன். கோபிப்பேன் என்று பயந்துவிட்டாள். கோபமில்லை, இப்போது ஒரு தடவை செய்து காட்டு என்று கேட்டேன். உண்மையாகவே எனக்கு அதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பேரப்பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள்: ‘போப்பா. அதெல்லாம் உங்க மாதிரி ஆளுக முன்னாடி செய்யறதில்ல.’